பெயரை விடுங்கள், உடம்பைப் பாருங்கள்: வீட்டுத் தொட்டியில் மென்பவளம்

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் மென்பவளம் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "எது ஈசியாக வளரும்?" என்பதுதான். அதற்குப் பதில் தேடுவதற்கு முன்னால் கையில் இருப்பது என்ன உயிர் என்று தெரிய வேண்டும். கடையில் ஒரே பவளத்துக்கு மூன்று பெயர் இருக்கும். ஒரே பெயரில் சம்பந்தமே இல்லாத இரண்டு உயிர்கள் விற்கும். நிறத்தையும் நம்ப முடியாது. நீல விளக்கில் பச்சையாக மின்னுவது வெள்ளை விளக்கில் வெறும் பழுப்பாக நிற்கும். விளக்கோ கடையோ மாறினாலும் மாறாதது அதன் உடல் அமைப்பு. அதைப் பார்க்கப் பழகினால் எங்கே வைப்பது, எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நீரோட்டம் என்பதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

ராமநாதபுரம் கரைக்காரர்களுக்குப் பவளம் புதிதல்ல. 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரை நெருங்கிப் பார்த்தால் கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் தெரியும். அது பவளக்கல். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் உட்கார்ந்திருந்தது. ஆனால் அவை எல்லாம் வன்பவளங்கள், அதாவது கல்லாக இறுகும் பவளங்கள். மென்பவளம் செத்தால் இப்படிக் கல் மிஞ்சாது. அழுகிக் கரைந்து போகும். மன்னார் வளைகுடாவின் கடலடிப் பவளத்திட்டுகளில் மென்பவளம் நிறையவே இருந்தும், கரையில் வளர்ந்தவர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை என்பதற்கு இதுதான் காரணம். கரை ஒதுங்க அதனிடம் எதுவும் இல்லை.

எட்டு கொம்பு

பவளம் என்று நாம் பார்ப்பது பல சமயம் ஓர் உயிரல்ல, நூற்றுக்கணக்கான சின்ன உயிர்களின் கூட்டம். ஒவ்வொன்றையும் பாலிப் என்கிறார்கள். குழாய் மாதிரி உடம்பு, மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். வன்பவளத்தின் பாலிப் தனக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து கல்லாக இறுக்கிக்கொள்ளும். மென்பவளம் அப்படிக் கல் கட்டாது. தடித்த சதைக்குள் நுண்ணிய சுண்ணாம்பு ஊசிகளைப் பதித்துக்கொண்டு, தண்ணீரை உள்ளே இழுத்து உப்பி நிற்கும். அதனால்தான் தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததும் தொய்ந்து போகிறது.

அசல் மென்பவளத்தின் ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டு உணர்கொம்புகள். கொம்பின் இரண்டு பக்கமும் இறகு போலச் சின்னச் சின்னக் கிளைகள். வன்பவளத்துக்கும் கடல் தாமரைக்கும் இந்த எண்ணிக்கை ஆறாகவோ ஆறின் மடங்காகவோ இருக்கும், கொம்பில் இறகும் இருக்காது. எண்ணிப் பார்க்க வேண்டுமானால் தொட்டித் தண்ணீரை ஓடவைக்கும் மோட்டாரை, அதாவது வேவ்மேக்கரை, ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கை மட்டும் போடுங்கள். போன் கேமராவைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் எட்டும் தெரியும், இறகும் தெரியும்.

இந்த ஒரு சோதனையிலேயே ஒரு பெரிய குழப்பம் தீரும். கடையில் 'மஷ்ரூம்' என்று கேட்டால் இரண்டு விதமான உயிரைக் காட்டுவார்கள். ஒன்றுக்குத் தண்டு உண்டு, தண்டின் மேல் குடை உண்டு, குடை முழுக்க நூற்றுக்கணக்கான பாலிப்புகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அது சார்கோபைட்டான், அசல் மென்பவளம். இன்னொன்று கல்லோடு ஒட்டிய தட்டு. நடுவில் ஒரே ஒரு வாய். தட்டு முழுவதும் ஒரே உயிர். அது டிஸ்கோசோமா அல்லது ரோடாக்டிஸ். மென்பவளத்தோடு சேர்த்து விற்றாலும் உறவுமுறையில் அது வன்பவளத்தின் பக்கம். முதலாவதுக்கு நடுத்தர வெளிச்சமும் நல்ல ஓட்டமும் வேண்டும். இரண்டாவதை அதே இடத்தில் வைத்தால் சுருங்கிவிடும். அதற்குத் தொட்டியின் அடிப்பக்க நிழலும் மந்தமான ஓட்டமும்தான் பிடிக்கும். பெயரைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்று மட்டும் ஏன் வாடுகிறது என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

தோல் பவளங்கள்

லெதர் என்று விற்கப்படும் இந்தக் கூட்டம்தான் புதியவர்களுக்குச் சரியான தொடக்கம். மன்னார் வளைகுடாவில் இயற்கையாக இருக்கும் மென்பவளங்களிலும் இவைதான் அதிகம் பேசப்படுபவை. நான்கு பேரினங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சார்கோபைட்டானுக்குத் தனியாகத் தெரியும் வழுவழுப்பான தண்டு. அதன் மேல் ஓரம் மடிந்த குடை. குடையைக் கூர்ந்து பார்த்தால் நீண்டு நிற்கும் பாலிப்புகளுக்கு இடையே புள்ளி புள்ளியாக வேறு ஏதோ இருக்கும். அவையும் பாலிப்புகள்தான். உணவு பிடிக்கும் வேலை அவற்றுக்கு இல்லை, கூட்டத்துக்குள் தண்ணீர் ஏற்றி இறக்குவது அவற்றின் வேலை. லோபோபைட்டத்துக்கும் இப்படி இரண்டு வகைப் பாலிப் உண்டு. ஆனால் தண்டு குட்டை, உடம்பு அகலம், மேலே வரப்பு வரப்பாகவோ தடித்த விரல்களாகவோ எழும்பியிருக்கும். சினுலேரியாவும் விரல் விரலாகத்தான் இருக்கும், அதனால் லோபோபைட்டத்தோடு குழம்பும். சினுலேரியாவில் ஒரே வகைப் பாலிப்தான், இடையில் புள்ளிகள் இருக்காது. அடிப்பாகத்தில் பெரிய சுண்ணாம்பு ஊசிகள் அடர்ந்திருப்பதால் அங்கே உடம்பு விறைப்பாக, சொரசொரப்பாக இருக்கும். நான்காவது கிளாடியெல்லா. இதன் சதை வெளிர் நிறம், பாலிப் பழுப்பு. லேசாகத் தொட்டால் பாலிப்புகள் முழுதாக உள்ளே போய், பழுப்பாக இருந்த பவளம் கண்ணெதிரே வெள்ளையாகிவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கொன்றுவிட்டோம் என்று பதறுவார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப விரியும்.

தோல் பவளங்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. அவ்வப்போது எல்லாப் பாலிப்பையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மேல்தோல் மெழுகு பூசியது போல மினுங்க, நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். சில சமயம் ஒரு வாரத்தைத் தாண்டும். அது மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் தோலோடு உரித்துத் தள்ளுகிற வேலை. உரித்ததும் முன்பைவிட நன்றாக விரியும். இந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது, ஓட்டம் கொஞ்சம் கூடுதலாகப் படும்படி வேவ்மேக்கரைத் திருப்பிவிடுவது மட்டும்தான். இடம் மாற்றுவது, விளக்கைக் கூட்டுவது, கடைக்கு ஓடிப்போய் ஏதாவது பாட்டில் வாங்கி ஊற்றுவது என்று இறங்கினால் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும். சாகிற பவளத்தை வேறு அறிகுறிகளால் கண்டுகொள்ளலாம்: சதை ஓரிடத்தில் கருத்துக் குழைந்துபோகும், நாற்றம் வரும், அடி கல்லை விட்டுக் கழன்றுவரும். இவை இல்லையென்றால் சும்மா விடுங்கள்.

மற்றவை

ஜெனியாவின் பாலிப்புகள் விரிந்து மூடி விரிந்து மூடித் துடித்துக்கொண்டே இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் உடம்பை ஒட்டித் தேங்காமல் விலக அந்தத் துடிப்பு உதவுகிறது. பிடித்துப்போனால் தொட்டி முழுக்கப் பரவிவிடும். பிடிக்காவிட்டால் ஒரே இரவில் கரைந்துபோகும். ஊதா நிறப் பாய் போன்ற அடிப்பரப்பில் பச்சைப் பாலிப்புகள் புல்லாக நிற்பது பிரையேரியம், கடையில் கிரீன் ஸ்டார் என்பார்கள். இதுவும் பரவும், கல்லை முடித்துவிட்டுக் கண்ணாடியிலும் ஏறும். இரண்டையும் மற்றக் கற்களைத் தொடாத தனிக்கல்லில், சுற்றிலும் மணல் விட்டு வையுங்கள்.

டென்ட்ரோநெப்தியா தண்ணீருக்குள் பூத்த மரம் மாதிரி சிவப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்பில் ஜொலிக்கும். கண்ணாடி போன்ற சதைக்குள் ஊசிகள் வெளியே தெரியும். வாங்காதீர்கள். மற்ற மென்பவளங்களின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு தயாரித்து வீட்டு வாடகை போலப் பவளத்துக்குக் கொடுக்கிறது. அவற்றின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவது. டென்ட்ரோநெப்தியாவிடம் அந்தப் பாசி இல்லை. நாள் முழுக்க மிதவை உயிரிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும், வீட்டுத் தொட்டியில் அது நடக்காது. பட்டினியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். நிறத்தை நம்பாதீர்கள் என்று மேலே சொன்னேன். இந்த ஓரிடத்தில் நம்பலாம்.

ஸோவாந்தஸ், பாலித்தோவா இரண்டும் பட்டன் மாதிரி இருக்கும், மென்பவளத்தோடு சேர்த்தே விற்கும், எட்டுக் கொம்புக் கணக்கில் அடங்காது. இவற்றில், முக்கியமாகப் பாலித்தோவாவில், பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கக்கூடும். வெறுங்கையால் தொடக் கூடாது. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போட வேண்டும். இவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போடவே கூடாது, ஆவியோடு விஷம் மூச்சுக்குள் போகும். வெளிநாடுகளில் குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது இல்லாமலே தொட்டி வைக்கலாம் என்பது என் கருத்து.

கடலிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. கடல் வாசலில் இருக்கும்போது காசு கொடுத்து வாங்குவதா என்று தோன்றும். மண்டபம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதற்குள் மென்பவளம், வன்பவளம், வெறும் கல் எதை எடுத்தாலும் குற்றம். பூங்காவுக்கு வெளியேயும் சட்டம் விடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், 2001-ல் வன்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், குழாய்ப் பவளம், கடல் விசிறிகள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கடல் அட்டைக்குத் தடை வந்ததும் அதே ஆண்டுதான், அதனால் இந்தக் கரையில் யாருக்கும் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, கடல் விசிறியும் குழாய்ப் பவளமும் எட்டுக் கொம்புக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மென்பவளம் என்ற பெயரில் யாராவது அவற்றைத் தள்ளிவிட்டால் மாட்டுவது வாங்கியவர். கரையில் ஒதுங்கிய செத்த பவளக்கல்லைத் தொட்டிக்கு அலங்காரமாக எடுத்து வருவதும் இதே கணக்கில்தான் வரும்.

ஆகவே தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளை, ஃப்ராக் என்பார்கள், பில்லோடு வாங்குங்கள். தொட்டிச் சூழலில் பிறந்தது என்பதால் அது பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல். கல்லுக்குச் செராமிக் கல்லோ, தொட்டிக்கென்றே விற்கும் காய்ந்த கல்லோ போதும்.

தண்ணீர்

கடல் தண்ணீரைக் குடத்தில் எடுத்து வந்து ஊற்றினால் என்ன என்பது அடுத்த கேள்வி. செய்யலாம், ஆனால் புதியவருக்குச் சிரமம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கும், வாடையில் வடகடலான பாக் நீரிணை கலங்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வங்காள விரிகுடாவின் உப்பு குறைந்த நீர் இறங்கி வருவதால் பாக் நீரிணையின் உப்பளவே மாறும். கரையோரத்தில் படகு டீசலும் சாக்கடையும் வேறு. எடுத்தால் வடிகட்டி, மூடிய பேரலில் இருட்டில் காற்றுக்குழாய் போட்டு வாரக்கணக்கில் வைத்து, சோதித்துத்தான் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் மரைன் சால்ட் மிக்ஸ் கலப்பது எளிது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும்.

வாலிநோக்கம் உப்பளத்து உப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்காதவர் இல்லை. உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது கால்சியம் முதலில் சுண்ணாம்பாகவும் ஜிப்சமாகவும் பிரிந்து படியும். அப்புறம் சோற்றுப்பு விளையும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். ஆக அள்ளி எடுத்த உப்பு கடலின் ஒரு பங்குதான். அதைக் கரைத்தால் கடல் திரும்ப வராது.

அளவுகள்: உப்பு லிட்டருக்கு 35 கிராம், ஒப்படர்த்தியில் 1.025 முதல் 1.026. வெப்பம் 25 முதல் 27 டிகிரி. பிஹெச் 8.1 முதல் 8.4. காரத்தன்மை, அதை அளக்கும் டிகேஹெச் என்ற அலகில், 8 முதல் 10. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். கால்சியம் 400 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 400 பங்கு) கொஞ்சம் மேலே, மெக்னீசியம் 1,300 பிபிஎம் பக்கம் இருந்தால் போதும், மென்பவளம் இவற்றைக் குறைவாகவே செலவழிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து சதவீதத் தண்ணீரை மாற்றினாலே ஈடாகிவிடும். நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் போராடாதீர்கள். தண்ணீரில் கரைந்த சத்தையும் உறிஞ்சி வாழ்கிற உயிர் இது. 5 முதல் 15 பிபிஎம் நைட்ரேட் இருந்தால் நன்றாகவே இருக்கும். பளிங்கு மாதிரித் துடைத்து வைத்த தொட்டியில் மென்பவளம் மெலிவதைப் பார்க்கலாம்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றிய வாரமே பவளம் வாங்கக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அப்புறம் பழுப்புத்தூள் பாசி ஒரு சுற்று வந்து போகும். அதற்கும் பிறகு வாங்குங்கள்.

வெயில்

நம் ஊரில் மென்பவளத்தைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். கடலிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளம் சூட்டில் வெளுத்தது. தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், உள்ளே இருக்கும் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு நச்சு உண்டாகிறது. பவளம் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுக்கிறது. அத்தனை பெரிய கடலுக்கே அந்த நிலை என்றால், சித்திரை மாதத்தில் கான்கிரீட் கூரைக்குக் கீழே நிற்கும் 200 லிட்டர் தொட்டி எவ்வளவு தாங்கும்?

30 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால் ஆபத்து. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தால் நல்லது. விலை தொட்டியையே மிஞ்சும். இல்லாதவர்கள் தண்ணீர் மேல்பரப்பில் சின்னக் காற்றாடி வைக்கலாம். நீர் ஆவியாகும்போது சூடு இறங்கும், இரண்டு மூன்று டிகிரி வரை. ஆனால் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால், புழுக்கமான நாளில் காற்றாடி கைகொடுக்காது. விளக்கைப் பகலில் அணைத்து, மாலை நான்கு மணி முதல் நள்ளிரவு வரை எரிய விடுவது செலவில்லாத வழி. பவளத்துக்கு எட்டு மணி நேரம் வெளிச்சம் வேண்டும், அது எந்த எட்டு என்பது பற்றிக் கவலை இல்லை.

காற்றாடி வைத்தால் தண்ணீர் குறையும். குறைவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே நிற்கும். 200 லிட்டரில் பத்து லிட்டர் ஆவியானால் 35 இருந்த உப்பு 37-ஐ நெருங்கிவிடும். அதை ஈடுகட்ட உப்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீர் வேண்டாம், இந்தப் பக்கத்து டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, உங்களுக்கே தெரியும்.

கரண்ட் போனால் விளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நாள் இருட்டை மென்பவளம் தாங்கும். ஓட்டம் நின்றால்தான் தாங்காது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, அதுவும் அசையாமல் நின்றால் சில மணி நேரத்தில் மீன் திணறும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், அல்லது வேவ்மேக்கரை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுங்கள்.

உள்ளே வைப்பதும் வெட்டுவதும்

புதுப் பவளத்தை முதல் வாரம் தொட்டியின் கீழ்ப்பக்கம் வையுங்கள், பிறகு மெல்ல மேலே ஏற்றலாம். வேவ்மேக்கரின் வீச்சு நேராகப் பட்டால் சதை ஒரு பக்கமாக மடங்கிக் கிழியும். கண்ணாடியில் மோதித் திரும்பி வரும் ஓட்டம் நல்லது. இரண்டு பவளங்களுக்கு இடையே நான்கு விரற்கடையாவது விடுங்கள். தோல் பவளங்கள் அக்கம்பக்கத்தாரை விரட்ட டெர்பீன் என்ற ரசாயனத்தைத் தண்ணீரில் கசியவிடும். கடலில் அது அலையோடு போய்விடும், தொட்டியில் சுற்றிச் சுற்றி வரும். வன்பவளமும் சேர்த்து வைத்திருந்தால் அதுதான் முதலில் வாடும். ஃபில்டரில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மாதம் ஒருமுறை மாற்றினால் அடங்கும்.

நன்றாக வளர்ந்த சார்கோபைட்டானின் குடையைக் கூர்மையான பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டலாம். தண்டிலிருந்து புதுக் குடை முளைக்கும், வெட்டிய துண்டும் தனிப் பவளமாகும். சூப்பர் குளூ இங்கே சரிவராது. வழவழப்பான கோழையில் நிற்காமல் வழுக்கி வரும். துண்டைக் கல்லின் மேல் வைத்து ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டுங்கள், அல்லது கொசுவலைத் துணியால் மூடிக் கட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தானே பிடித்துக்கொள்ளும். வெட்டிய அன்று கார்பனைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

ஜெனியாவும் கிரீன் ஸ்டாரும் வைத்திருப்பவர்களிடம் சீக்கிரமே வேண்டாத அளவுக்குச் சேர்ந்துவிடும். கடலிலிருந்து வந்த இனம்தானே, கடலிலேயே விட்டால் என்ன என்று நினைக்க வேண்டாம். வேறு கடலின் இனமும், அதோடு வந்த நோயும் பூச்சியும் இங்கே இறங்கிவிடும். வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்து மூடியது இதே கரையில் நடந்ததுதான். மிச்சத்தைத் தொட்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுங்கள். செத்ததைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். மாற்றிய தண்ணீரைக் கடலில் ஊற்றாமல், வாளியில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்துச் சாக்கடையில் விடுங்கள். வாசல் மரத்துக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்பில் கருகிவிடும்.